எதைத் தின்னும் அந்தப் பெட்டி?

அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி மலை வளைவுகளில் பஸ் ஏறியதுமே எனக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிடும். கையில் எலுமிச்சம்பழம், மடியில் டிபன் பாக்ஸ், வாயில் முணுமுணுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த சில வருடங்கள், காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து கொல்லிமலை மேலிருக்கும் குண்டூர் நாடு என்ற ஊருக்குத் தினமும் பஸ்ஸேறி வேலைக்குப் போனேன். மகள் எழுவதற்குள் கிளம்புவேன். திரும்பி வந்தால் தூங்கியிருப்பாள். பகலெல்லாம் பார்த்துக்கொண்ட என் தங்கையைத்தான் அவள் 'அம்மா' என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் தூக்கினாலும் தங்கையிடமே தாவுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியாது.

எங்கள் ஊர் மிளகு வியாபாரி ஒருவரின் மலைக் கிடங்கில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. முதலாளியைப் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மலைக்காரர்கள் கொண்டுவரும் மிளகையும் காப்பிக்கொட்டையையும் எடைக்கார அண்ணன் நிறுத்துச் சொல்வார், நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். என்னைக் கீழே நம் ஊர்க் கடையிலேயே உட்கார வையுங்கள் என்று பாயிடம் நூறு தடவை கேட்டிருப்பேன். கம்ப்யூட்டர் மேலே இருக்கிறது, நீ கீழே இருந்து என்ன செய்வாய் என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில்.

அந்தக் கம்ப்யூட்டரோ ஒரு சீக்காளி. பனி இறங்கினால் ஸ்டார்ட் ஆகாது. மிளகுத் தூசி போய் ஃபேன் அடைத்துக்கொள்ளும். இடி இடித்தால் உள்ளே இருந்ததெல்லாம் போச்சு. ரிப்பேர் பார்க்க எவனும் மலையேற மாட்டான். பாய் வெறுத்துப்போய் சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் கீழே கடையில் பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துவிட்டு, மேலே எனக்கு டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். தின் கிளையண்ட் என்று பெயர் சொன்னார்.

"எதைத் தின்னுங்க அது?" என்று எடைக்கார அண்ணன் ரொம்பக் கவலையாகக் கேட்டார்.

சேலத்துக்காரர் சிரிக்கவில்லை. தின் என்றால் இங்கிலீஷில் மெலிசு என்று அர்த்தமாம். உள்ளே ஒன்றுமே கிடையாதாம். நான் தட்டுவதெல்லாம் போன் லைன் வழியாகக் கீழே போய் அங்கேயே இருக்குமாம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல பெட்டிதான். ஒரு மழையில் இடி விழுந்து கருகிப்போனது. மறுநாள் வேறு பெட்டியை மாட்டினால், முந்தின நாள் பாதியில் விட்ட வரி அப்படியே நிற்கிறது. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் காற்றடித்து எங்காவது மரம் விழுந்தால் லைன் போய்விடும், ஸ்கிரீன் உறைந்துவிடும். மூட்டையோடு நிற்கிறவர்கள் என்னைத்தான் முறைப்பார்கள். எனக்குச் சும்மா உட்கார வராது. எழுவேன், வாசலுக்குப் போவேன், போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன், மறுபடி வந்து உட்காருவேன். லைன் இருந்தாலும் நிம்மதி கிடையாது. என் ஸ்கிரீனைப் பாய் கீழேயிருந்தே பார்க்கலாம். கொஞ்ச நேரம் கை ஓய்ந்தால், சாப்பிடப் போயிட்டியாம்மா என்று போன் வந்துவிடும்.

லைன் போன ஒரு பகலில்தான் எனக்கு உறைத்தது. நான் தட்டுவதெல்லாம் கீழே இருக்கிறது. மகளும் கீழே இருக்கிறாள். நான் மட்டும் எதற்கு இங்கே? அன்றைக்கு பஸ் இறங்கியதும் நேரே கடைக்குப் போனேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லாத டப்பாவுக்கு நான் எதுக்குங்க பாய் மேல காவல்? அண்ணன் எடையைப் போன்ல சொல்லட்டும். லைன் இல்லீன்னா எழுதி வெச்சுட்டு அப்புறமாச் சொல்லட்டும். எங்க உக்காந்து தட்டினா என்னங்க?"

சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். பாய் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். நீ சொல்வதும் சரிதான் என்றுவிட்டார்.

அப்பாடா! எலுமிச்சம்பழத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். காலையில் மகளுக்கு நானே ஊட்டிவிட்டுக் கடைக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட வந்தால் வாசலிலேயே நிற்பாள். ஒருநாள் தங்கை பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்து அம்மா என்றாள். அதைத் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

சில மாதம் போனது. பாய் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சேலத்தில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்து கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறார்களாம். எடையை அங்கே போனில் சொன்னால் போதுமாம். என் முகத்தைப் பார்க்காமலேயே பேசினார்.

"தப்பா நெனைக்காதம்மா. எங்க உக்காந்து தட்டினா என்னன்னு நீதானம்மா சொன்னே."

அன்றோடு என் வேலை போனது.  மலைக்குப் போன் போட்டு அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். 

"எதைத் தின்னும்னு அன்னைக்கே கேட்டனுங்க அம்மிணி," என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். மலைக்குப் போகிற பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. பழைய பழக்கத்தில் பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து செருப்பைத் தேடினேன்.

"அம்மா, இன்னைக்கும் லீவுதானுங்களே?" என்றாள்.

"ஆமாஞ்சாமி, லீவுதான்."

அவள் சந்தோஷமாகத் தலையைக் காட்டினாள்.