சோளத்துக்குள் ஒரு செம்மறி ஆடு

திருச்சியில் நான் ஆராய்ச்சி செய்த லேபில் ஏசி எப்போதும் நடுங்க வைக்கும். அந்தக் குளிரில், கணினித் திரையில் புரதங்களைக் காட்டும் கோடுகள் எழுவதும் அடங்குவதுமாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொக்கும். பாதித் தூக்கம், பாதி சோளக்காடு.

வேலை இதுதான். மருங்காபுரிப் பக்கம் வறட்சியில் வாடிய சோளத்தின் இலையை அரைத்து, அதன் செல்களில் அந்த நேரம் இருந்த ஆயிரக்கணக்கான புரதங்களையும் மொத்தமாகக் கணக்கெடுப்பது. மரபணு தெரிந்தால் போதாதா என்று கேட்பார்கள். நான் ஸ்ரீரங்கத்துக்காரி. வாக்காளர் பட்டியலைப் பார்த்து, சித்திரைத் தேரன்று யார் வடம் பிடித்தார்கள் என்று சொல்ல முடியுமா? வீதிக்கு வந்து எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தேர் எப்படி நகர்கிறது என்று தெரியும்.

அந்த முறை வந்த பட்டியலில் சோளத்தோடு செம்மறி ஆடும் இருந்தது. ஆட்டு ரோமத்தின் புரதம், எக்கச்சக்கமாக. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அரைத்த இலையை அடைக்கும் சிறு குழாய்களைத் தயார் செய்ய உதவிய லேப் தோழியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க போட்டிருக்கிறது கம்பளி ஸ்வெட்டர்தானேக்கா?" என்றாள்.

அப்பாவுடையது. திருவெறும்பூர் தொழிற்சாலைக்கு மார்கழிக் காலை ஷிப்டில் அவர் போட்டுக்கொண்டு போனது. அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் அதைத் துவைக்கக்கூட இல்லை. லேபில் கம்பளி கூடாது என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். கழற்ற மனசு வரவில்லை.

அந்த வறட்சி இலையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழாய். அந்த வருஷம் நல்ல மழை. இன்னொரு வறட்சிக்கு எங்கே போவது? அதுவும் கெட்டால் மூன்று வருஷ உழைப்பு ஆற்றில் கரைத்த புளிதான்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் ஸ்வெட்டரை மடித்து பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது ரொம்பக் குளிர்ந்தது.

புதுப் பட்டியல் ஒரு மத்தியானம் வந்தது. மேலிருந்து கீழே சோளம், சோளம், சோளம். "ஆடு போயிடுச்சுக்கா" என்று தோழி சிரித்தாள். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

அடியில் மனிதத் தோலின் புரதம் கொஞ்சமே கொஞ்சம் இருந்தது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் வேலை செய்பவரின் தோல் அணுவளவாவது விழத்தான் செய்யும். அதை நீக்கிவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஒரே கிளிக்.

அது என்னுடையது. அதில் பாதி அப்பா கொடுத்தது. கொஞ்ச நேரம் நீக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.