முனவ்வறாவின் வளவும் கச்சிமுகம்மது சேரும்

கணக்கு வாத்தியார் கச்சிமுகம்மது சேர் மௌத்தான மறுநாளே கல்முனையில் பனர் கட்டிவிட்டார்கள். மேலே ஓர் அரசியல்வாதியின் சிரித்த முகம், நடுவில் சேரின் படம், கீழே 'ஈடுசெய்ய முடியாத இழப்பு'. மகள் ஆகிலா வந்து சொன்னதும் முனவ்வறாவுக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது. நாலு வருசத்துக்கு மேல் அந்த மனிசனை அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைக்கழித்த கூட்டம், அவர் போய் ஒரு நாள் ஆவதற்குள் இழப்பைக் கண்டுபிடித்துவிட்டதே! புருசன் மௌத்தானால் பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் அவள் இருந்தாள். வெளியில் போக முடியாது. போக முடிந்திருந்தால் அந்தப் பனரைக் கிழித்து அடுப்பில் வைத்திருப்பாள்.

சேர் சம்மாந்துறை வயற்காரர் ஒருவரின் மகன். கலியாணம் முடித்து இந்தக் கடற்கரைக்கு வந்தவர். இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீடும் வளவும் பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். இது ஊரறிந்த விசயம். முனவ்வறாவின் வளவில் நாலு தென்னை, ஒரு கிணறு, மூன்று அறை வீடு. சேர் ஒரு பெட்டி உடுப்போடும் இரண்டு பெட்டி புத்தகத்தோடும் அங்கே வந்து சேர்ந்தார்.

கடலுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருசம் கணக்குப் படிப்பித்தார். பின்னம் படிப்பிக்கிற நாளில் முனவ்வறா சுபஹுத் தொழுகையோடு எழும்பி ரொட்டி சுடவேண்டும். அவர் அதை வகுப்புக்குக் கொண்டுபோய் அரைவாசி, காற்பங்கு, எட்டில் ஒன்று என்று பிய்த்துக் காட்டுவார். பிள்ளைகள் தின்று முடிப்பார்கள். ஊரில் பாதிப் பேர் அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுதான் கணக்குப் படித்தார்கள். பிழையான விடை எழுதிய பிள்ளைக்கு அவர் அடிக்கமாட்டார். பக்கத்தில் குந்தி, "இந்த விடை எப்பிடி வந்த? சொல்லு பாப்பம்" என்று கேட்பார். பிள்ளை சொல்லிக்கொண்டு போகும்போதே தன் பிழையில் தானே தடுக்கி நிற்கும்.

வீட்டிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைகளில் உடுப்புத் துவைப்பார், மகளுக்குத் தலை பின்னிவிடுவார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் பகிடி பண்ணினால், "பின்னலும் கணக்குத்தான்டாப்பா, மூண்டு பங்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பள்ளிவாசல் மாடியில் நின்று தப்பினார்கள். வீடு இருந்த இடத்தில் சீமெந்துத் தரையும் உப்புக் கிணறும்தான் மிஞ்சின. சேரின் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இல்லை. பார்க்கத் தாங்காத வாப்பாமாருக்குப் பதிலாக அவரே போய் மையித்துக்களை அடையாளம் காட்டினார். பிறகு, மேலிடத்தில் இருந்து ஒரு சோக்குக் கட்டிகூட வராத நேரத்தில், அகதி முகாமில் ஒரு தார்ப்பாய்ப் படங்கை விரித்து மிச்சப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். அப்போது பனர் கட்ட ஒருவரும் வரவில்லை.

வந்தது ஒரு படிவம். கடலோரத்தில் இனிக் கட்டக்கூடாது, உள்ளே வயல் நிரப்பிப் புது வீடு தருகிறோம் என்றார்கள். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஓர் இடம். வீட்டு உறுதிப் பத்திரம் அந்தப் பெயரில்தான் வரும். அந்தப் பெயர் ஆம்பிளையுடையதாகத்தான் இருக்கவேண்டும். கொண்டுவந்த உத்தியோகத்தன் அப்துல் ஸமட், சேரிடம் படித்தவன், ரொட்டியும் தின்றவன்.

"எந்த வீட்டுக்குப் பதிலா இந்த வீடு தாறீங்க?" என்று சேர் கேட்டார்.

"கடல் கொண்டுபோன வீட்டுக்கு, சேர்."

"அது ஆருட வீடு?"

"முனவ்வறா மாமிட வீடு."

"அப்ப என்ட பேர் எப்பிடி வந்த?"

ஸமட் தலையைச் சொறிந்தான். "மேலிடத்து உத்தரவு, சேர். எல்லாரும் சைன் வைச்சிட்டாங்க."

உண்மைதான். எல்லாரும் வைத்தார்கள். பரம்பரை பரம்பரையாகப் பெண்களிடம் இருந்த வளவுகள் ஒரே வருசத்தில் ஆம்பிளைகளின் பெயருக்கு மாறின. கடல் எடுத்தது பாதி, கந்தோர் எடுத்தது மீதி! யாரும் வாய் திறக்கவில்லை. தலைக்கு மேல் கூரை வந்தால் போதும் என்று இருந்த சனத்தை என்ன சொல்வது? வெட்கப்படவேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

சேர் மட்டும் வைக்கவில்லை. கடிதம் எழுதினார். ஒவ்வொரு மாதமும், பதிவுத் தபாலில், அச்சடித்தது போன்ற எழுத்தில். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. முகாமில் ஒவ்வொரு குடும்பமாகப் புது வீட்டுக்குப் போக, அவர்களுடைய தகரக் கொட்டில் கடைசியில் தனியே நின்றது. பெண்டாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வாத்தி என்று சிரித்தார்கள்.

முனவ்வறாவே ஒரு நாள் வெடித்தாள். நிந்தவூரில் இருந்து ஆகிலாவுக்கு வந்த நல்ல சம்பந்தம், வீடில்லை என்று கைவிட்டுப் போயிருந்தது.

"சைன வைங்க! உங்கட பேர் எண்டா என்ன, என்ட பேர் எண்டா என்ன? புள்ளட வாழ்க்கையில மண் அள்ளிப் போடுறீங்களா?"

அவர் கோபிக்கவில்லை. அவளைப் பக்கத்தில் இருத்தி, தகரச் சுவரில் சோக்கால் எழுதினார். "நான் மௌத்தானா மகளுக்கு அரைவாசி. உனக்கு எட்டில ஒண்டு. மிச்சம் எட்டில மூண்டு என்ட தம்பிக்கு. மார்க்கம் சொன்ன பங்கு சரியான பங்கு, புள்ள. ஆனா அது மௌத்தாகிறவன்ட சொத்துக்கு. இது என்ட சொத்தே இல்ல. உன்ட சொத்த என்ட பேருக்கு எழுதிப்போட்டு, மறுகா பங்கு வைச்சா அது களவு."

அவளுக்கு விளங்கியது. ஆனாலும் அன்றிரவு அவரோடு கதைக்கவில்லை. அதை நினைக்க இப்போதும் அவளுக்கு நெஞ்சு வலிக்கும்.

நாட்டில் யுத்தம் முடிந்த மே மாதம் சந்திகளில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். இனி எல்லாம் நடக்கும் என்று வானொலி சொன்னது. அன்றைக்கென்று வரச்சொல்லியிருந்த கந்தோருக்குச் சேர் போனார். கொண்டாட்டமாம், பூட்டியிருந்தது. கொதிக்கும் வெயிலில் நடந்து திரும்பி வந்தார். மூன்று கிழமை கழித்து, லுஹர் தொழுத இடத்திலேயே சாய்ந்தார். அவருக்கு ஐம்பத்தேழு வயது.

பன்னிரண்டாம் நாள் ஸமட் வந்தான். கொட்டிலின் வாசலில் திரைச்சேலை தொங்கியது. அவன் வெளியில் கதிரையில் இருந்தான், முனவ்வறா உள்ளே பாயில் இருந்தாள்.

"மாமி, இனி ஒரு பிரச்சினையும் இல்ல. இப்ப நீங்கதான் குடும்பத் தலைவி. உங்கட பேரிலயே போட்டுட்டன். ஒரு சைன் வைச்சாக் காணும், அடுத்த கிழமை வீட்டுத் திறப்பு கையில."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டான்! நாலு வருசம் கதவைத் தட்டிய மனிசனுக்குத் திறக்காதது, அவர் மண்ணுக்குள் போனதும் தானாகத் திறந்துகொண்டது. முனவ்வறா திரைக்குக் கிட்ட நகர்ந்தாள்.

"அப்ப அவர் மௌத்தாகிறதுதான் பாக்கியா இரிந்திச்சா?"

ஸமட் படிவத்தைத் திரைக்குக் கீழால் தள்ளினான். முனவ்வறா ஒவ்வொரு வரியாக வாசித்தாள். அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே தட்டச்சில்: 'பெண்ணின் பெயரில் வழங்குவதற்கான காரணம்: கணவர் காலமானார்.'

அவள் மகளைப் பார்த்தாள். இந்த வீட்டுக்காகக் காத்திருந்து இருபத்து நாலு வயதானவள். ஆகிலா பேனையை எடுத்து உம்மாவின் கையில் கொடுத்தாள்.

முனவ்வறா அந்தக் காரணத்தைக் குறுக்கே வெட்டினாள். பக்கத்தில் 'கடல் கொண்டுபோன வீடு என்னுடையது' என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்து, வெளியே தள்ளிவிட்டாள்.

ஸமட் பதறிவிட்டான். "வெட்டியிரிந்தா மேல எடுக்கமாட்டாங்க, மாமி! திறப்பு வராது!"

"வராட்டி இரிக்கட்டும். நாலு மாசம் பத்து நாள் முடியுமட்டும் நான் இஞ்சதான் இரிப்பன். இத்தா முடிஞ்ச அடுத்த நாள் நானே கந்தோருக்கு வருவன், ஸமட். கதிரை போட்டு வை."