பௌர்ணமி முட்டி

திருவண்ணாமலையில் பிசியோதெரபி மையம் வைத்தால் கூட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. பௌர்ணமி முடிந்த மறுநாள் காலையிலேயே, மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடந்தவர்கள் நொண்டிக்கொண்டு வந்து பெஞ்சை நிரப்பிவிடுவார்கள். செங்கம் சாலையில் சின்னதாக ஒரு மையம் நடத்திய ஜாஹிரா, துணிக்கடைக்காரர் மகள். சென்னையில் படித்துத் திரும்பி ஐந்து வருஷத்தில், அதாவது 2001 வாக்கில், அவள் கேள்வி ஒன்றாகச் சுருங்கியிருந்தது: "கிரிவலம் போனீங்களா?" ஆமாம் என்றால் சீட்டில் 'பௌர்ணமி முட்டி' என்று எழுதிவிடுவாள். பத்து நாள் ஒத்தடம், காலை நீட்டி மடக்கும் பயிற்சி. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகிவிடும். கெட்டிக்காரி என்று பேர் வாங்குவதில் இருக்கிற ஆபத்தே இதுதான். மிச்சம் பத்துப் பேரைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கீழ்பென்னாத்தூர் பொன்னி அந்தப் பத்தில் ஒருத்தி. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளையில்லை. பன்னிரண்டு பௌர்ணமி சுற்றுவதாக வேண்டிக்கொண்டு ஒன்பதை முடித்திருந்தாள். இடது முட்டியில் வலி.

"இன்னும் மூணுதான் மேடம். எப்படியாவது நடக்க வச்சிடுங்க. நடுவுல நின்னா சாமி குத்தமாயிடும்."

ஜாஹிரா முட்டியை மடக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. வீங்காத முட்டி இவ்வளவு ஏன் வலிக்கிறது என்று அங்கேயே யோசித்திருக்க வேண்டும்; யோசிக்கவில்லை. "இளைச்சுட்டீங்களே" என்றதற்கு, "விரதம் மேடம், ஒரு வேளைதான் சாப்பாடு" என்றாள் பொன்னி. சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது என்று அவள் சொன்னபோது, "பட்டினி கிடந்தா சூடு ஜாஸ்தியாகும், மோர் குடிங்க" என்று ஜாஹிராவே சமாதானம் சொன்னாள். படுத்தாலும் வலி விடவில்லை என்றதற்கு ஒத்தடத்தைக் கூட்டினாள். நோய் தன்னைக் காட்டிக்கொள்ளப் படாத பாடு பட்டது. வேண்டுதலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தைக் கையில் வைத்திருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை இந்தப் படித்த பெண் அப்படியே நம்பினாள். "மெதுவா நடங்க, ஒண்ணும் ஆகாது" என்று இரண்டு பௌர்ணமிக்கு அனுப்பியும் வைத்தாள்.

பதினோராவது சுற்று முடிந்த வாரம், பொன்னி கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. கொலுசுகள் இரண்டும் ஒரே நேரில் இல்லை. இடது கால் கொலுசு இரண்டு விரற்கடை மேலே இருந்தது. நேராகப் படுக்கச் சொன்னாள். அப்போதும் அப்படியேதான். இடது தொடை சூம்பியிருந்தது. முட்டியை விட்டுவிட்டு, காலை இடுப்பு மூட்டோடு லேசாகத் திருப்பினாள். பொன்னி அலறிவிட்டாள். இடுப்பு மூட்டு கெட்டால் வலி முட்டியில் தெரியும் என்பது ஜாஹிரா பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம்.

அன்றைக்கே வேலூருக்கு அனுப்பினாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். நாலாம் நாள் பொன்னியின் புருஷன் தருமன் வந்து நின்றான்.

"எலும்புல டி.பி.யாம் மேடம். உசுருக்குப் பயமில்லியாம். ஆனா மூட்டு அரிச்சுப்போச்சாம், கால் குட்டைதானாம். முன்னாடியே வந்திருந்தா மாத்திரையிலயே மூட்டைக் காப்பாத்தியிருக்கலாம்னாங்க. ஒன்றரை வருசம் மாத்திரை. அது வரைக்கும் கொழந்தப் பேச்சே கூடாதாம்."

அவன் கோபப்படவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை என்று ஜாஹிராவுக்கு இருந்தது.

ஒரு மாதம் சோறு இறங்காமல் தவித்தவள், பிறகு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினாள். பொன்னி காலில் எடை கட்டிக் கட்டிலில் கிடந்தாள். முகத்தில் கண்கள் மட்டும்தான் பாக்கி.

"எட்டாவது பௌர்ணமி அன்னிக்கு ஒரு கல்யாண ஊட்டுல ரெண்டு வாய் சாப்ட்டுட்டேன் மேடம். வெரதம் ஒடைஞ்சிருச்சி. அதான் சாமி காலைப் புடுங்கிக்கிச்சு."

அந்தப் பழியை அவள் சுமப்பதை ஜாஹிராவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சாமி ஒண்ணும் பண்ணல பொன்னி. தப்பு உங்களுதும் இல்ல, என்னுது. மொத நாளே இடுப்பைப் பாத்திருக்கணும். பாக்கல. நடங்கன்னு வேற சொன்னேன்."

பொன்னியின் கண்ணீர் காதோரம் வழிந்து தலையணையை நனைத்தது.

"ஏன் மேடம் இதைச் சொன்னீங்க? அடிச்ச சாமியே தூக்கியும் வுடும்னு நெனச்சுக் கெடந்தேன். இப்ப நான் யாரை வேண்டிக்கிறது?"