அண்ணன விவாகரத்து பண்ணச் சொன்ன ஆபீஸு

பொத்தான்காரிக்கு ஒரு கண்ணு போயே போச்சு. இன்னொரு கண்ணுல ஏதோ கொஞ்சூண்டு வெளிச்சம், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடற மாதிரி. தையல் கம்பெனில சட்டைக்குப் பொத்தான் வெச்சே பாதி ஆயுச கழிச்சவ, அதான் அந்தப் பேரு. புருஷன் குடிகாரன். செத்து ரொம்பக் காலமாச்சு. அவன் போனதுல அவளுக்குக் கெடச்ச ஒரே நல்லது, ராத்திரித் தூக்கம்.

அவளுக்கு ஒரு அண்ணன். தகடு அடிக்கற பட்டறைல மெஷின் ஓட்டி ஓட்டிக் காது அடைஞ்சுபோயி, இப்ப பென்ஷன் வாங்கற மனுஷன். தெருவே அவர டமாரம்னுதான் கூப்பிடும். கூப்பிட்டா மட்டும் காதுல விழவா போவுது? கல்யாணமே பண்ணிக்கல. ஏன்னு கேட்டா, "எந்தப் பொண்ணாவது சம்மதம்னு சொல்லியிருப்பா, எனக்குக் கேட்டிருக்காது"ம்பாரு.

ரெண்டு பேரும் லாண்டரிக்கு மேல ஒத்த ரூம்ல குடித்தனம். ஆபீஸு, ஆஸ்பத்திரி எங்க போனாலும் ஜோடியாத்தான் போவாங்க. அவரு படிச்சுச் சொல்வாரு, இவ கேட்டுக்குவா. யாராவது அண்ணனக் கேள்வி கேட்டா இவ அவரு கையக் கிள்ளுவா. ஒரு கிள்ளு கிள்ளினா "ஆமா"ன்னு சொல்லணும். ரெண்டு கிள்ளுன்னா "இல்ல". ரெண்டு பேரும் சேந்து ஒரு முழு ஆளா வண்டி ஓட்டிக்கிட்டிருந்தாங்க.

அந்த மிச்சக் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து. மாசாமாசம் சர்க்கார் இன்ஷூரன்ஸுல சும்மா கெடைக்கும். "இத நிறுத்தினா இருக்கற வெளிச்சமும் போயிடும்மா, போனா திரும்பாது"ன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. காசு குடுத்து வாங்கற விலையில்ல அது.

வருஷத்துக்கு ஒருதரம் ரெண்டு பேரும் இன்ஷூரன்ஸப் புதுப்பிக்கணும். இந்தத் தடவ போனா ஆபீஸே மாறிப் போச்சு. வயசானவங்களுக்கும் ஊனமுற்றவங்களுக்கும் உதவிய நல்லா பண்றோம்னு மெத்தை வெச்ச நாற்காலி, குடிக்கத் தண்ணி, கண்ணாடித் தடுப்பு போட்டுக் குட்டிக் குட்டி ரூமு. வாசல்ல வாட்ச்மேன் மறிச்சான்.

"ஒவ்வொருத்தரா போங்க. அவங்கவங்க விஷயம் ரகசியமா இருக்கணும்ல?"

"எங்களுக்குள்ள என்னப்பா ரகசியம்? அவரு குறட்டை விடறது வரைக்கும் எனக்குத் தெரியும்."

"ரூல்ஸும்மா."

ஆளுக்கொரு ரூமு. பொத்தான்காரிய உக்கார வெச்சு, கவுன்ட்டர் பொண்ணு கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டிச்சு. "எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

இவ பாத்தா. வெள்ளையா ஒரு சதுரம் தெரிஞ்சுது. கண்ணு தெரியலன்னு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டா. கண்ணு தெரியலன்னு சொன்னா ஜனங்க காதும் கேக்காதுன்னு நெனச்சுக் கத்துவாங்க, அப்புறம் அவள வெச்சுக்கிட்டே அவளப் பத்தி மத்தவங்ககிட்டப் பேசுவாங்க. இதெல்லாம் பட்டவ. மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு"ன்னா.

அடுத்த மாசம் மருந்துக் கடைல பையன் இல்லன்னுட்டான்.

"உங்க உதவி நின்னு போச்சு பாட்டி. வீட்டுக்காரர் பென்ஷனச் சேத்துப் பாத்தா வருமானம் ஜாஸ்தியாம்."

"எந்த வீட்டுக்காரரு?"

"உங்க வீட்டுக்காரருதான்."

அந்தாள எரிச்ச சாம்பலக் கையால கரைச்சவ இவ. செத்தவனுக்கு யாரு பென்ஷன் குடுக்கறா? உசுரோட இருந்தப்பவே ஒரு மாசம் உருப்படியா வேலைக்குப் போகாதவன், செத்தப்புறமா போய் வேலை பாத்தான்? ஒருவேளை எரிச்சது வேற யாரையோவா? படி ஏறும்போது இதே யோசனைல ஒரு படி தப்பி, மொழங்கால இடிச்சுக்கிட்டா.

அண்ணன் உள்ளங்கைல வெரலால எழுதிக் காட்டினா: வீட்டுக்காரர்.

"வீட்டுக்காரரா? வாடக ஏத்திட்டாரா?"

அவ ரெண்டு கிள்ளு கிள்ளினா.

"காலி பண்ணச் சொல்றாரா?"

அதுக்கு மேல அவளுக்குப் பொறுமை இல்ல. மருந்து பாட்டில காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்தா. அடில ஏதோ சலசலன்னுச்சு. அவ்வளவுதான் மிச்சம்.

மறுநாள் காலைல ஆபீஸுல அதே பொண்ணு, அதே கண்ணாடி ரூமு. அண்ணன் வெளிய பெஞ்சில.

"எம் புருஷன் செத்துட்டான்மா. சத்தியமாச் செத்துட்டான். சர்டிபிகேட் இருக்கு."

"என்னம்மா இப்படிச் சொல்றீங்க? போன மாசம் உங்ககூட வந்தாரே. பக்கத்து ரூம்ல எங்க ஆளு கேட்டாரு, 'அந்தம்மா உங்க மனைவியா'ன்னு. ஆமான்னாரே! இதோ வெளிய உக்காந்திருக்காரே!"

பொத்தான்காரிக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. அப்புறம் ஓடிச்சு. கிள்ள ஆளில்லாத மனுஷன், கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிட்டு வந்திருக்காரு.

"அடப்பாவி! அது எங்கண்ணன்மா!"

"நீங்களும் பாத்துட்டுச் சரின்னு சொன்னீங்களே. மனைவின்னு பெருசாத்தான் போட்டிருக்கு. இப்பவே பாருங்க."

கம்ப்யூட்டர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பிச்சு. மறுபடி அதே வெள்ளச் சதுரம். சரின்னா அண்ணனுக்கே பொண்டாட்டி. சரியில்லன்னா அன்னிக்கு ஏன் சரின்னேன்னு கேப்பா.

"எனக்குத் தெரியலம்மா," மெதுவா சொன்னா. "கண்ணு தெரியல. அன்னிக்கும் தெரியல. அவருக்குக் காது கேக்காது. ரெண்டு பேரையும் பிரிச்சு உக்கார வெச்சா நாங்க ரெண்டு பேருமே அரை ஆளு."

அந்தப் பொண்ணு கத்தல. எழுந்து போய்ப் பெரிய அதிகாரியக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தாளு எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, "கணவர் இல்லன்னு மாத்தணும்னா விவாகரத்துப் பேப்பர் வேணும்"ன்னாரு.

"எங்கண்ணன நான் எந்தக் கோர்ட்டுல போயி விவாகரத்து பண்றது?"

"அண்ணன்னு காட்ட ஆதாரம் இருக்கா?"

எங்க இருக்கு? இவ அடையாள அட்டைல செத்த புருஷன் பேரு. அவரு அட்டைல அப்பா பேரு. "அந்தச் சாவு சர்டிபிகேட்டப் பாருங்கய்யா"ன்னா.

"செத்தவர் செத்தவர்தான். அப்புறமா இவரக் கட்டிக்கலன்னு எப்படித் தெரியும்?"

"அவரையா? இந்த மூஞ்சியவா? கூப்பிடுங்க, பாத்துட்டுச் சொல்லுங்க!"

வாட்ச்மேன் அவரக் கூட்டிக்கிட்டு வந்தான். வந்து பக்கத்துல உக்காந்ததும் பொத்தான்காரி இருக்கற ஆத்திரத்தையெல்லாம் வெரலுக்குக் கொண்டுவந்து ஒரு கிள்ளு வெச்சா பாருங்க, மனுஷன் துள்ளிட்டாரு.

"ஆமா! ஆமா! எதுக்கு இப்படிக் கிள்ற? தோலு பிஞ்சுடுச்சு! சின்ன வயசுலேருந்தே உனக்கு இதே வேலை!"

"நீ பண்ணின வேலைக்குக் கடிச்சே வெக்கணும்!"

அவருக்கு எங்க கேட்டுச்சு? அவரு பாட்டுக்கு அதிகாரிகிட்டத் திரும்பிட்டாரு. "பாருங்க சார், கடியாரத்தப் போட்டு ஒடச்சது இவ. நான் ஒடச்சேன்னு சொல்லி, அப்பா என்னத் தூண்ல கட்டி வெச்சு வெளுத்தாரு."

"பொய்யி! ஒடச்சது நீதான்! ஒடச்சிட்டு எம் பாவாடைல முடிஞ்சு வெச்ச! அப்பா எங்கிட்ட மூணு நாள் பேசல!"

ஆபீஸே எட்டிப் பாத்துச்சு. அதிகாரி மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. சிரிப்புல அவரு தோளு குலுங்கிச்சு.

"எங்க வீட்லயும் இப்படி ஒரு தங்கச்சி இருக்கு," அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னாரு. "என் ரேடியோவ அதுதான் ஒடச்சுது, இன்னி வரைக்கும் ஒத்துக்கல. ஒரே அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவங்க இவங்க. நேர்ல விசாரிச்சேன்னு நான் கையெழுத்துப் போடறேன், மாத்திடு."

அந்தப் பொண்ணு தட்டிச்சு. தட்டிட்டு நின்னுச்சு. "சார், இதுல தங்கச்சின்னு இல்ல."

அண்ணன் குனிஞ்சு உரக்கப் படிச்சாரு. "மனைவி, மகன், மகள், அப்பா, அம்மா, மத்தவங்க. பாப்பா, உன்னக் காணோமே!"

"மத்தவங்கன்னு போட்டா அவர் பென்ஷன் உங்க கணக்குல வராதும்மா. மருந்து கெடைக்கும். போடட்டுமா?"

பாலு, பல்லு, பஞ்சம் எல்லாம் ஒண்ணாப் பாத்தவங்க. மத்தவங்களாம். இவ யாரோ, அவரு யாரோ. அண்ணன் கைய நீட்டிக் காத்துக்கிட்டிருந்தாரு, ஒண்ணா ரெண்டான்னு தெரியாம. அவளுக்கே தெரியல. பாட்டில்ல இருந்த அந்தச் சலசல சத்தம் காதுக்குள்ள வந்துச்சு. ஒரு கிள்ளு வெச்சா.

"ஆமா"ன்னாரு டமாரம்.

அந்தப் பொண்ணு கடைசியா ஏதோ சேத்துத் தட்டிச்சு. "இனிமே நீங்க ரெண்டு பேரும் சேந்தே உள்ள வரலாம்னு குறிப்பு போட்டிருக்கேன். வாட்ச்மேன் தடுத்தா என்னக் கூப்பிடுங்க."

அன்னிக்குச் சாயங்காலமே புது பாட்டில் வந்துடுச்சு. ஜன்னலோரம் அவள உக்கார வெச்சு, அண்ணன் இமையத் தூக்கிப் பிடிச்சாரு.

"மேல பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்." சொட்டு விழுந்துச்சு. கண்ணு எரிஞ்சுது. அந்த எரிச்சலோடவே கேட்டா: "அண்ணே, காலைல பொண்டாட்டி, மத்தியானம் யாரோ. இப்ப நான் உனக்கு யாருன்னு ஒரு முடிவா சொல்லு. கடியாரம் ஒடச்சவளா?"

"ஆமா, ஆமா"ன்னாரு அவரு, மூடியத் திருகிக்கிட்டே.

அவ கையத் தேடிப் பிடிச்சு ரெண்டு கிள்ளு கிள்ளினா.