நுரைத்த மண்

எங்கள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள் அடுத்தடுத்துச் செத்ததும், எல்லோரும் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு அந்தப் பார்வைகள் ஒவ்வொன்றாகச் சித்தியின்மேல் போய் நின்றன. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு காரியாபட்டியிலிருந்து அவர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் அவர்தான். வேறென்ன வேண்டும்?

திருச்சுழிப் பக்கமிருந்து அப்பா ஒரு குறிகாரரை அழைத்துவந்தார். அம்மாவும் சித்தியும் காலடி மண் ஆளுக்கொரு பிடி எடுக்க வேண்டும் என்றார் அவர். அம்மாவை அடுப்படி வாசலிலும் சித்தியைத் தொழுவத்திலும் அவரே நிறுத்தினார். இரண்டு கண்ணாடி கிளாஸில் மண்ணைப் போட்டு, பாட்டிலிலிருந்து தீர்த்தம் என்று எதையோ ஊற்றினார். நெடி மூக்கில் ஏறியது. அம்மாவின் மண் சும்மா கிடந்தது. சித்தியின் மண் சீறிக்கொண்டு நுரைத்தது. எரிகிற தீக்குச்சியை அதற்குள் இறக்கினார். பொசுக்கென்று அணைந்தது.

“நெருப்பே நிக்காத எடத்துல உசுரு எப்பிடி நிக்கும்?” என்றார்.

சித்தியை மறுநாள் காலை பஸ்ஸில் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பில் சயின்ஸ் டீச்சர் சுண்ணாம்புக்கல் தூளில் ஆசிட் ஊற்றினார். அதே சீறல். தீக்குச்சியும் அப்படியே அணைந்தது. கால்சியம் என்ற உலோகம் கார்பனேட்டாக இருக்கிற எந்தக் கல்லில் ஆசிட் பட்டாலும் கரியமில வாயு வரும், அது நெருப்பை அணைக்கும் என்றார். எங்கள் தொழுவத்தை மேடாக்கக் கொட்டியிருந்தது சுக்கான் மண். அது முழுக்க வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக்கல்தான்.

சாயங்காலம் அந்த மண்ணில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றிக் காட்டினேன். அப்பா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். சித்தப்பா மட்டும் நுரை அடங்கிய பிறகும் குனிந்தே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு காரியாபட்டிக்குப் போனார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். சித்தி கடைசிவரை கேட்டுவிட்டு என் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்: “இந்தப் பிள்ளைக்கு இந்தப் பாடம் வராம இருந்திருந்தா, நீங்க இங்க வந்திருப்பீகளா?”

சித்தி எங்களுக்குச் சோறு போட்டு, பஸ் நிற்கும் இடம்வரை வந்து அனுப்பிவைத்தார்.

உண்மை தெரிந்த பிறகும் அவர் ஏன் வரவில்லை? நான்தான் விளக்கத்தில் ஏதோ ஒன்றை விட்டிருக்க வேண்டும் என்று நினைத்து, திரும்பும் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வரும்வரை அந்தப் பாடத்தை மனசுக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.