தெப்பத்தைக் கட்டிப்போட்ட வயர்

"நான் போட்ட விளக்கை அணைக்கிறவன் இன்னும் பொறக்கலை, ஐயா" என்று சங்கிலிமுத்து சொன்னபோது, தெப்பத் திருவிழாக் கமிட்டி அதை மறுக்கவில்லை. மறுப்பதற்கு ஊரில் இன்னொரு எலக்ட்ரீஷியன் இருக்க வேண்டுமே.

மல்லாங்கிணற்றுக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில் தெப்பக்குளம் பெரும்பாலும் பேருக்குத்தான். தண்ணீர் நின்ற வருஷம் சாமி தெப்பம் ஏறும். மற்ற வருஷங்களில் ஆடு மேயும். முந்தைய தடவை லாரி பாட்டரியைத் தெப்பத்தில் ஏற்றிச் சின்னச் சின்ன பல்புகள் போட்டிருந்தார்கள். இரண்டாம் சுற்றிலேயே பாட்டரி செத்துப்போய், சாமி இருட்டில் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு சரியாக மழை பெய்யாததற்கு அந்தப் பாட்டரிதான் காரணம் என்று கமிட்டித் தலைவர் உக்கிரபாண்டி ஆராய்ந்து கண்டுபிடித்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் குளம் நிறைந்தது.

"இந்தத் தடவை பாட்டரியே வேண்டாம். கரையில மோட்டார் ரூம்ல கரண்டு இருக்குல்ல? டிரான்ஸ்பார்மரை அங்கனயே வச்சு, பன்னெண்டு வோல்டாக் குறைச்சு, வயர்ல தெப்பத்துக்கு அனுப்பிருவேன். தண்ணிக்குள்ள விழுந்தாலும் தவளைக்குக்கூட உறைக்காது" என்றான் சங்கிலிமுத்து.

"அம்புட்டுத் தூரத்துல வெளிச்சம் மங்கிப்போகாதாலே?" என்று கேட்டார் உக்கிரபாண்டி.

"அதுக்குத்தான ஐயா தடி வயரு. யானையைக் கட்டலாம்."

"மூணு சுத்தும் அணையாம எரியட்டும். ஊருல வீட்டுக்கு வீடு வயரிங் வேலை உனக்குத்தான். நடுவுல அணைஞ்சிச்சு, தீப்பெட்டி ஆபீசுக்கே திரும்பிப் போயிரு."

தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் அறையில்தான் அவன் வாலிபம் கழிந்தது. அங்கே ஜன்னல் இருந்தது, காற்று இருந்ததில்லை. சாப்பிடும் சோற்றில் கந்தக வாடை வரும். திருத்தங்கல் அச்சாபீசில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவரை ஒட்டிக்கொண்டு தொழில் பழகி, தப்பித்து வந்தவன். அவன் மனைவி குருவம்மாள் இன்னும் தீப்பெட்டி ஆபீசில்தான் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வயரிங் வேலை கிடைத்தால் அவளும் நின்றுவிடலாம்.

அடுத்த சிக்கல், அவன் தெப்பத்தில் ஏறலாமா என்பது. அவன் தெருக்காரர்கள் அந்தக் குளத்துப் படியில் கால் வைத்ததில்லை. சட்டம் மாறி வருஷக்கணக்காகியும் படிகளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கமிட்டி வெற்றிலை போட்டு யோசித்து, கரண்டு இருக்கிற இடத்தில் கரண்டுக்காரன் இருக்கலாம் என்று பெருந்தன்மையுடன் தீர்மானித்தது. கரண்டு இல்லாவிட்டால் அவன் எங்கே இருப்பது என்று யாரும் கேட்கவில்லை.

திருவிழா அன்று விளக்கு வைக்கிற நேரம், தெப்பம் ஜோதியாகப் புறப்பட்டது. காய்ந்த சுரைக்குடுக்கைகளில் கட்டி மிதக்கவிட்ட வயர் பின்னாலேயே வந்தது. வடம் பிடித்த ஆட்கள் நான்கு கரையோடும் நடக்க, தெப்பம் குளத்து நடுவிலிருந்த மைய மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. குலவைச் சத்தம் கேட்டது. தெப்பத்தின் பின்மூலையில் முக்காலியில் இருந்த சங்கிலிமுத்து, ஊர் வீடுகளுக்கெல்லாம் மனசுக்குள் சுவிட்சுப் பலகை அடித்து முடித்திருந்தான்.

இரண்டாம் சுற்றில், மண்டபத்துக்குப் பின்புறம் தெப்பம் நின்றது.

வடக்காரர்கள் கரையோடு நடந்தார்கள். மோட்டார் ரூம் நடக்கவில்லை. வயர் மண்டபத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, இப்போது இறுகிக்கொண்டிருந்தது.

"இழுங்கலே" என்றார் உக்கிரபாண்டி கரையிலிருந்து.

இழுத்தார்கள். யானையைக் கட்டக்கூடிய வயர் அறவில்லை. தெப்பம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பூசாரி நாகையா சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் பின்னால போனா வயரு தளரும், சாமி" என்றான் சங்கிலிமுத்து.

"சாமி இடஞ்சுத்தா வரணுங்கியா? பாட்டரிக்கே மழை நின்னுச்சு. இதுக்குக் குளமே இருக்காது" என்றார் நாகையா.

முன்னால் போக வயர் விடவில்லை. பின்னால் போக சாமி விடாது. கரையில் பிளக்கைப் பிடுங்கினால் இருட்டு. இறங்கிப் போகலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர். மண்டபப் படியோ அவனுக்கானது இல்லை. முக்காலியை விட்டு எழக்கூட இடமில்லாமல், தான் போட்ட வெளிச்சத்திலேயே ஊர் முழுக்கத் தன்னைப் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தான்.

"மாமோய், ஆட்டை முளையில கட்டினாப்புல சாமியைக் கட்டிப்போட்டீகளே" என்று கரையில் ஒருத்தி கேட்க, சிரிப்பு குளத்தை மூன்று சுற்றும் சுற்றியது.

"விளக்கு மட்டும் அணையக் கூடாதுலே" என்றார் உக்கிரபாண்டி. "இன்னொரு தடவை இழுங்க."

தெப்பம் மறுபடி சாய்ந்தது. இந்தத் தடவை தண்ணீர் பலகைமேல் ஏறியது. நாகையாவின் கால் வழுக்கியது. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம்.

தண்ணீர் சங்கிலிமுத்துவின் பாதத்தைத் தொட்டது. கூட்டத்தில் குருவம்மாளைத் தேடினான். பசைக்கறை போகாத கையை வாயில் வைத்து நின்றிருந்தாள். எல்லா முகமும் நன்றாகத்தான் தெரிந்தது. பல்புகளில் ஒரு குறையும் இல்லை.

அவன் இடுப்பிலிருந்து வயர் வெட்டும் குறட்டை எடுத்தான். வயரைக் குறட்டின் வாயில் வைத்து அழுத்தினான்.

ஒரு சின்னப் பொறி. பிறகு குளமும் சாமியும் கமிட்டியும் இருட்டாயின. தெப்பம் நிமிர்ந்து, மெல்ல நகர ஆரம்பித்தது.