பால் காய்ச்ச விமானத்தில் போனோம்: திருப்பதியிலிருந்து விசாகப்பட்டினம்

போன தை மாதம் என் நாத்தனார் மகள் புவனா விசாகப்பட்டினத்தில் வீடு வாங்கினாள். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, இரண்டு அறை. அங்கே அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் சொந்தப் பத்திரத்தோடு வீடு என்று ஒன்று வந்தது இதுதான் முதல். சித்தூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. பிச்சாட்டூர் பக்கம் என் நாத்தனார் கோவிந்தம்மா இருப்பதோ ஏரிப் புறம்போக்கில். அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணியின் வீட்டுக்காரர் தவறிப் பதினாறு வருஷம் ஆகிறது. நாற்று நட்டும் கரும்பு வெட்டியும் புவனாவைப் படிக்க வைத்தார்.

ஞாயிறு விடியற்காலை 5.20க்கு முகூர்த்தம். அம்மா கையால் பால் பொங்கினால்தான் குடி போவேன் என்று புவனா சொல்லிவிட்டாள். ரயில் என்றால் பதினாலு மணி நேரம், அண்ணிக்கு முழங்கால் மடங்காது. அதனால் எங்கள் இருவருக்கும் அவளே சனிக்கிழமைக்கு விமான டிக்கெட் போட்டாள். போக வர தலைக்கு ரூ.7,900. என் வீட்டுக்காரருக்கு மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை.

அண்ணி முந்தின நாளே சித்தூர் வந்துவிட்டார். சாயங்காலம் காணிப்பாக்கம் போய் (11 கி.மீ., ஷேர் ஆட்டோ) பிள்ளையாரைக் கும்பிட்டோம். சனி காலை 5.30க்குப் பேருந்து, ரூ.110, திருப்பதி 70 கி.மீ. 7.40க்கு இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோவில் முதலில் திருச்சானூர். தாயாரைப் பார்க்காமல் எந்தப் பெரிய காரியத்துக்கும் நாங்கள் கிளம்புவதில்லை. கூட்டம் குறைவு, ஒரு மணி நேரத்தில் தரிசனம் ஆயிற்று. காத்திருந்து ரேணிகுண்டா விமான நிலையத்தில் இறக்கிவிட ஆட்டோவுக்கு ரூ.600 கொடுத்தேன். நூறு ரூபாய் அதிகம்தான். பேரம் பேச அன்று மனசு வரவில்லை.

முதல் முறை போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார் அசல் கையில் வேண்டும். பூஜைக்கு வைத்திருந்த தேங்காயும் தீப்பெட்டியும் எங்கள் கைப்பையில் இருந்தன, சோதனையில் இரண்டையும் எடுத்து வைத்துவிட்டார்கள். புதுப் பித்தளைப் பானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு இலவசமாகச் சக்கர நாற்காலி உண்டு. அண்ணியிடம் கேட்டதற்கு, “நான் இன்னா ஆஸ்பத்திரிக்கா போறேன்?” என்று முறைத்தார். அவ்வளவு தூரமும் நடந்தே வந்தார்.

உள்ளே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏழுமலை நீளமாகப் படுத்திருந்தது. அண்ணி இரண்டு வாய் சாப்பிட்டவர், பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு மலையையே பார்த்தார்.

“சரசு, இந்த வண்டி மலைக்கு மேலயா போவும்?”

மலைக்கு மேல் விமானம் பறக்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அது சட்டமா வெறும் வழக்கமா என்பது எனக்குத் தெரியாது. அதனால் தெரியவில்லை என்றே சொன்னேன்.

“அப்ப நான் வரலம்மா. பெருமாளு தலைக்கு மேல கால வெச்சிக்கினு போயிட்டு, அங்க போயி நல்ல காரியம் பண்றதா? நீ போயி பால காய்ச்சிட்டு வா.”

மணி 12.20. விமானம் 1.10க்கு. இதை விட்டால் அடுத்து சாயங்கால ரயில்தான், அதில் முகூர்த்தத்துக்குள் விசாகப்பட்டினம் சேர முடியாது. புவனா போன் செய்து, “ஏறிட்டீங்களா அத்தை?” என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வரிசையில் நிற்கச் சொல்லி மூன்று மொழியில் கூப்பிட்டார்கள். எங்களைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள். அண்ணி மட்டும் பானையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைக்காதீர்கள். இருட்டில் பாம்பை மிதித்துவிட்டும் கழனிக்குப் போனவர். இது பக்தி. கேலி செய்து கரைக்க முடியாது, எனக்கும் அதே பக்திதான்.

திருமலையில் கோயிலுக்கும் மேலே, மலை உச்சியில், ஸ்ரீவாரி பாதாலு என்று பெருமாளின் திருவடி பதிந்த இடம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் இருவரும் ஜீப்பில் போயிருக்கிறோம். அது நினைவுக்கு வந்தது.

“அண்ணி, பாதாலு போனமே, அங்கருந்து பாத்தா கோயிலு கீழதான தெரிஞ்சுது?”

“தெரிஞ்சுது.”

“அப்ப உங்க காலு எங்க இருந்துச்சு?”

“அது அவரு பாதம் பட்ட எடம்மா.”

“அவரு பாதத்தயே அவரு தலைக்கு மேல வெச்சிக்கினு கீறாரு. உங்க காலுக்கா கோச்சிக்கப் போறாரு?”

“நீ வாயாலயே பந்தலு போடுவ” என்றபடி அண்ணி எழுந்தார். நான் தப்பாகப் பேசியிருந்தால் அதை என் கணக்கில் எழுதிக்கொள் என்று பெருமாளிடம் மனசுக்குள் சொல்லிவிட்டேன்.

விமானத்தின் ஏணியடியில் இன்னொரு கூத்து. நான் மேலே போய்த் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணி செருப்பைக் கழற்றிப் படிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறிவருகிறார். பணியிலிருந்த பெண் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, இங்கே எதையும் விட்டுப் போகக் கூடாது என்று தெலுங்கில் சொன்னாள். பெருமாள் பக்கமாகப் போகிற வண்டியில் செருப்போடு ஏறுவார்களா என்று அண்ணி அவளையே திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள்.

எங்களுக்கு இடப்பக்க ஜன்னல். கிளம்பியதும் விமானம் திரும்பியது, மலை முழுவதும் அண்ணியின் முகத்துக்கு நேரே வந்தது. கூப்பிய கையை அவர் மலை மறையும்வரை இறக்கவில்லை. “மேல இல்ல சரசு, பக்கத்துல” என்று மட்டும் சொன்னார். (காற்றைப் பொறுத்துக் கிளம்பும் திசை மாறுமாம். எல்லா நாளும் இடப்பக்கம் தெரியும் என்று நான் உறுதி சொல்ல முடியாது.)

2.35க்கு விசாகப்பட்டினம். புவனா மாலைதான் வேலையிலிருந்து வருவாள் என்பதால் நேராக சிம்மாசலம் போனோம், 11 கி.மீ., ஆட்டோ ரூ.350. எங்கள் தெலுங்கைக் கேட்ட ஓட்டுநர், தமிழ்நாட்டுக்காரர்களா என்றார். எல்லை பிரித்த காலத்திலேயே இந்தப் பக்கம் நின்ற ஊர்கள் எங்களுடையவை. வீட்டில் பேசுவது தமிழ், ஓட்டுப் போடுவது ஆந்திராவில். அண்ணி விடவில்லை. நாங்களும் ஆந்திராதான், உனக்கு ஜுரம் வந்தால் என் பெண்தான் ஊசி போடணும் என்றார். அந்த மனிதர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். நரசிம்மர் இங்கே வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள் இருக்கிறார், நிஜ உருவம் ஒரே நாள்தான். நூறு ரூபாய் வரிசையில் முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஞாயிறு விடிவதற்குள் புவனா வீட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அடுப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பானையில் பால் ஊற்றியாயிற்று. பக்கத்து வீட்டு அம்மா நல்லவர்தான். நல்லெண்ணத்தோடுதான், சுமங்கலி பற்றவைக்கட்டும் என்று லைட்டரை என் கையில் கொடுத்தார். அண்ணி சுவரோரம் ஒதுங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் புவனா என் கையிலிருந்து அதை வாங்கினாள்.

“பத்திரத்துல எம்பேரு கீது அத்தை. அடுப்பு எங்கம்மாவுது.”

தமிழ் புரியாதவர்களுக்கும் அது புரிந்தது. அண்ணி பற்றவைத்தார். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. முதலில் ‘கோவிந்தா’ என்று சொன்னவர் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான்.

திங்கட்கிழமை காலை கடற்கரை நடை, சாயங்காலம் கைலாசகிரி ரோப் கார். கடற்கரையில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகத்துக்குத் திங்களன்று விடுமுறை, வேறு நாளில் வாருங்கள். செவ்வாய் மதியம் திரும்பும் விமானம்.

தலைக்கு மொத்தம் ரூ.9,460 ஆயிற்று. பெரியவர்களை முதல் முறை அழைத்துப் போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். சோதனைக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. அவர்கள் மனசில் இருப்பதை உட்கார்ந்து கேட்க வேண்டும், அதற்கு.

அண்ணி இத்தனை வருஷமாக “பொண்ணு வேலை செய்ற ஊரு” என்றுதான் விசாகப்பட்டினத்தைச் சொல்வார். போன வாரம் போனில் பேசினேன். பிச்சாட்டூர் சந்தையில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருந்த யாருக்கோ கேட்கும்படி உரக்கச் சொல்கிறார்: “சித்திரை பொறந்ததும் எம்பொண்ணு வீட்டுக்குப் போறேன் சரசு.”